இரண்டு பேருக்குத்தான் சோறு

அன்புள்ள ஃபெர்மினுக்கு,

உடம்பு எப்படியிருக்கிறது? ஆலிவ் பறிப்பில் முதுகை ஒடித்துக்கொள்ளாதீர்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

விடுமுறையன்றும் வேலை செய்யும் ஹோட்டலிலேயே அடைந்துகிடக்கப் பிடிக்காமல், பஸ் ஏறி அல்தேயா போனேன். குளிர்காலம், கடற்கரையில் ஈ காக்கை இல்லை. திறந்திருந்த ஒரே உணவகத்தில் மீன்சோறு கேட்டேன்.

"ஒருத்தருக்குன்னு அடுப்புல ஏத்த மாட்டோம்மா. ரெண்டு பேராவது வேணும்."

"வீட்டுக்காரர் காரை நிறுத்திட்டு வர்றாரு" என்றேன்.

என் பாதியைச் சாப்பிட்டேன். உங்கள் பாதி ஆறாமலிருக்க, பரிமாறுகிறவர் அதை மூடிவைத்தார்.

"காரை நிறுத்த இன்னுமா எடம் கிடைக்கல? ஊரே காலியாத்தானே கிடக்கு!" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

என் கம்பளிக் காலுறையை அனுப்புங்கள். இல்லை, நீங்களே கொண்டுவாருங்கள். என்னால் தனியாக முடியவில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. நீங்கள் வருவதாகச் சொல்லிவிட்டேன், வந்துவிடுங்கள்.

உங்கள் ரெமே