காலியாகக் கிடக்கும் உன் இடம்

ஏழாயிரம்பண்ணை
12.9.2006

அன்பு மகன் சிவபாண்டிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், லண்டனில் நீயும் மருமகள் பாண்டிமீனாவும் சுகம்தானே. மழை இன்னும் இல்லை, மக்காச்சோளம் வாடி நிற்கிறது, தீபாவளி சீசன் என்பதால் களையெடுக்க ஆளும் கிடைக்கவில்லை, எல்லோரும் பட்டாசு கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். போனில் சொல்ல நாக்கு எழாததால்தான் இதை எழுதுகிறேன். முன்பு நம் காட்டில் வேலை பார்த்த சின்னச்சாமி போன மாதம் இறந்துபோனான். குடல்வால் வெடித்துவிட்டது. பகல் பதினோரு மணிக்கே தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், ஆபரேஷன் அறை பூட்டிக் கிடந்தது, அறுவை சிகிச்சை டாக்டர் இல்லை, மதுரைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். போகிற வழியில் திருமங்கலம் தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது.

அந்த டாக்டர் இடம் உன்னுடையது தம்பி. நாலு வருஷத்துக்கு முன்னால் உனக்கு ஆர்டர் வந்தபோது, நம்மிடம் கூலிக்கு வருகிறவர்களுக்கு நீ வயிறு தைப்பதா என்று எனக்குக் கௌரவம் தடுத்தது. மேல்படிப்பு முடித்ததும் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாக நீ கையெழுத்துப் போட்டிருந்தாய், நான்தான் எனக்குப் பக்கவாதம் என்று சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்து உன்னை விலக வைத்தேன். விசாரிக்க ஆள் வந்த அன்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தேன், அம்மா ஸ்பூனால் கஞ்சி ஊட்டினாள். அவர் போனதும் மூவரும் சிரித்தோமே, நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நேற்று சின்னச்சாமி மனைவி சோலையம்மாள் ஊர்க்காரர்களோடு விருதுநகர் கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கக் கிளம்பினாள். "ஐயா, நீங்க முன்னால நின்னாத்தான் கேப்பாக" என்று என்னையும் கூப்பிட்டாள். போனேன், முதல் கையெழுத்தும் நான்தான் போட்டேன். அங்கிருந்த அதிகாரி ஃபைலைப் புரட்டிவிட்டு, இடம் ஒதுக்கியாகிவிட்டது, ஆள்தான் நிற்பதில்லை, குடியிருக்க வீடும் மயக்க மருந்து டாக்டரும் கொடுக்காமல் தனியாளாக நிறுத்தினால் யார் நிற்பார்கள், கடைசியாகப் போட்டவர் சேரவே இல்லை, அவருடைய அப்பா படுத்த படுக்கையாம் என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. சோலையம்மாள் என் பக்கம் திரும்பி, "பாவம்யா அந்தப் பெரியவரு, இப்பமாவது எந்திரிச்சு நடக்காகளோ என்னமோ" என்றாள்.

இன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் அந்தப் பெரியவர் நான்தான் என்று சொல்லப் போகிறேன். உன் பெயரும் அடிபடும், பொறுத்துக்கொள். வருவதும் வராததும் உன் இஷ்டம் என்று எழுத மனம் வரவில்லை, வா தம்பி. குளிரில் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. இருக்கன்குடி மாரி உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, பதிலைப் போனில் சொல்லாமல் கடிதமாகவே எழுது, சோலையம்மாளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

உன் அப்பா,
முத்துராமலிங்கம்