உட்கார்ந்து தொழுத நாட்கள்

24-3-1958
உதிரம் பட்டுவிட்டது, இன்று முதல் நோன்பும் தொழுகையும் இல்லை. விட்ட நோன்புகளைப் பெருநாளுக்குப் பிறகு களாவாகத் திரும்பப் பிடிக்க வேண்டும். மறக்காமலிருக்கத்தான் இந்த நோட்டு. அடிவயிற்றில் வெந்நீர்ப் புட்டியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

30-3-1958
உதிரம் நின்று குளித்தேன். களா ஏழு.

16-4-1958
நேற்றிலிருந்து இடுப்பு இற்று விழுகிறது. வெளிக்குப் போனாலும் உயிர் போகிறது. மதியம் லுஹரை உட்கார்ந்துதான் தொழுதேன். உம்மா பார்த்துவிட்டார்கள். "இருவத்தாறு வயசுல என்ன உக்காந்து தொழுக? நாங்களும் பொம்பளதான்."

நோயாளி என்றால் நோன்பை விடலாம். இது நோயா? எல்லாருக்கும் உள்ளதுதானே என்கிறார்கள். எல்லாருக்கும் இப்படியா?

17-4-1958
உட்கார்ந்தே தொழுதேன். நோன்பை விடவில்லை.

4-5-1958
மாமி வந்தார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம், மடி நிறையவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தன் மகன், என் மாப்பிள்ளை, கொழும்பிலிருந்து வந்ததும் வேறு பெண் பார்ப்பார்களாம். "எந்நேரமும் படுத்துக் கெடக்குற வயித்துல எங்கிட்டுப் புள்ள தங்கும்?"

உம்மா வெற்றிலைத் தட்டை மாமி பக்கம் நகர்த்தினார்கள். அதுதான் சுட்டது.

14-5-1958
நேற்றும் இன்றும் உட்கார்ந்தே.

23-5-1958
கம்பவுண்டர் ஹாஜா முகைதீன் வந்தார். மாதம் எத்தனை நாள் நோவு என்றார். திரைக்குப் பின்னாலிருந்து ஏழு என்றேன். சரியாகத்தான் இருக்கிறது என்று சிவப்புத் தண்ணீரைக் கொடுத்துப் போனார்.

11-6-1958
களாவை எண்ணலாமென்று நோட்டைப் புரட்டினேன். உட்கார்ந்து தொழுத நாளுக்கெல்லாம் ஓரத்தில் வைத்த புள்ளிகள் ஏப்ரலில் ஆறு. மே மாதமும் ஆறு. இப்போது மறுபடி மூன்று நாளாக. எல்லாமே உதிரம் படுவதற்கு முன்!

தொழுகை இல்லாத ஏழு நாளைத்தான் நோவு நாளென்று எண்ணி வந்திருக்கிறேன். தொழக் கடமைப்பட்ட நாளில் வந்த நோவை நானே கணக்கில் சேர்க்கவில்லை. கூட்டினால் மாதத்தில் பாதி. முட்டாள் — கம்பவுண்டரிடமும் ஏழென்று சொன்னேனே.

உம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. தேதி தேதியாக வாசித்துக் காட்டினேன். நோட்டை வாங்கி மூடி மடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு, "துப்பட்டிய எடுத்து வையி. வெள்ளன ராமநாதபுரம் போவம்" என்றார்கள்.

12-6-1958
டாக்டரம்மா நோட்டை வாங்கி முழுக்கப் படித்தார். மாப்பிள்ளையோடு சேரும்போதும் நோகுமா என்று கேட்டார். தலையாட்டினேன். அதை இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

"கர்ப்பப்பைக்குள்ள இருக்க வேண்டிய சவ்வு வெளியவும் வளருது போல. அதுவும் மாசாமாசம் கசியும். மதுரையில வயித்தத் தொறந்து பாத்தாத்தான் நிச்சயம். ஆனா இது நோய்தாம்மா."

பிள்ளை? உறுதி சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் அழுதேன். நோய் என்று ஒருவர் சொன்ன சந்தோஷத்தில் அழுதேன். வெட்கமாக இருக்கிறது.

2-7-1958
மாப்பிள்ளை கொழும்பிலிருந்து வந்து நாலு நாள். மாமி இன்று பேச்சை எடுத்தார்கள். உம்மா எழுந்து நின்றார்கள். "எம்மவ சோம்பேறியில்ல, சீக்காளி. நோட்டுல இருக்கு. வாசிக்கச் சொல்லவா?"

மாப்பிள்ளையே நோட்டை வாங்கி வாசித்தார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கு என்றைக்குப் போகவேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். மாமி வெற்றிலைகூடப் போடாமல் கிளம்பினார்கள்.

2-10-1958
மதுரையில் வயிற்றைத் திறந்து இரண்டு மாதமாகிறது. டாக்டரம்மா நினைத்ததேதான். அந்தச் சவ்வை எடுத்திருக்கிறார்கள், திரும்பவும் வரலாமாம். பிள்ளை விஷயம் அல்லாஹ்வுக்கே வெளிச்சம். களா ஏழும் அப்படியே இருக்கின்றன.

நோவு வரவேண்டிய நாள். சுபுஹும் லுஹரும் நின்று தொழுதேன். சாயங்காலம் அஸருக்கு இடுப்பு நொந்தது, உட்கார்ந்தேன். தொழுகை முடிய ஸலாம் கொடுத்துத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. உம்மா அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.