கறுத்துப்போன சாயத்தண்ணி

ஜூன் 5, வியாழன்

இல்லை, அக்கா மாத்திரையைக் குப்பையில் போடவில்லை. நேற்று கிளினிக்கில் மிட்வைஃப் தனுஜா மிஸ் அத்தனை பேர் முன்னால் கேட்டதற்கு என் பதில் அதுதான். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்காவுக்கு ஐந்து மாதம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.9. பதினொன்றுக்குக் குறையக் கூடாதாம். ஒன்றரை மாதமாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை.

"இப்பிடியே போனா புள்ள பெறக்குற நேரம் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்க மாட்டீங்க சர்மிளா. உண்மைய சொல்லுங்க, போடுறீங்களா இல்லியா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். யாராவது திட்டினால் அவளுக்கு வாய் மூடிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் நான் நேராகவே கேட்டேன். "கக்கூஸ் கறுப்பா போகுதா?"

"சீ, நாயே!"

"சொல்லு. மாத்திரை உள்ள போனா கறுப்பாத்தான் போகும்னு போன்ல போட்டிருக்கு."

"தார் மாதிரி போகுது. போதுமா?"

போதும். மாத்திரை உள்ளே போகிறது. அப்புறம் எங்கே போகிறது?

ஜூன் 7, சனி

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் இல்லை. தண்ணீர்த் தாங்கி மேட்டில் அட்டை கடிக்கக் கடிக்க உட்கார்ந்து வாசித்தேன். தலசீமியா! பரம்பரையாக வருவது. ரத்தத்தின் சிவப்பணு சிறுத்துப்போகும். தாய், தகப்பன் இரண்டு பேரிடமும் அது ஒளிந்திருந்தால், பிள்ளைக்கு நாலில் ஒரு பங்கு ஆபத்து. அப்படிப் பிறந்த பிள்ளைக்குக் காலம் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டுமாம்.

இதுதான். இதேதான். ஏ.எல். உயர்தரப் படிப்பில் பயோவைப் பாதியில் விட்டவன் கண்டுபிடித்துவிட்டேன். (கெமிஸ்ட்ரி படிப்பிக்க ஒரு வருஷம் சேரே வரவில்லை. விடாமல் என்ன செய்வது?)

ஜூன் 8, ஞாயிறு

நான் ஒரு மடையன். அக்காகிட்டயே போய் சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்? பிள்ளைக்கு ஆபத்துன்னதுக்கு அப்புறம் அவ காதுல எதுவுமே ஏறல. சோத்தையும் தொடல.

கொழும்பிலிருந்து அக்கா புருஷன் கிஷாந்த் மச்சான் போனில் பிடித்துக்கொண்டார். "டேய் டொக்டர், பள்ளிக்கூடத்த விட்ட மாதிரி எம் பொண்டாட்டியையும் விட்டுறு."

ஜூன் 11, புதன்

வழியில் மிஸ்ஸை மறித்துத் தலசீமியா பற்றிக் கேட்டேன். திட்டவில்லை. "அதுக்கு டொக்டர் ஏற்கனவே ரத்தம் எடுத்து கண்டிக்கு அனுப்பிட்டாரு. நீங்க நெனச்சது பிழை இல்ல தம்பி. அக்காகிட்ட போய் சொன்னதுதான் பிழை."

ஜூன் 19, வியாழன்

தலசீமியா இல்லை. வெறும் இரும்புக் குறைவு. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு ஒரு நொடி ஏமாற்றமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. பெரிய பெயருள்ள நோயை நான்தான் கண்டுபிடித்தேன் என்று இருக்க வேண்டுமாம். த்தூ.

ஆனால் கேள்வி அப்படியே கிடக்கிறது. விழுங்குகிற இரும்பு எங்கே?

ஜூன் 21, சனி



காலையில் அம்மா வழக்கம்போல மாத்திரையையும் ஒரு கோப்பை சாயத்தண்ணியையும் அக்காவிடம் நீட்டினாள். பால் ஊற்றாத கடும் தேத்தண்ணி. பச்சைத் தண்ணீர் பிள்ளைத்தாய்ச்சிக்குக் குளிர் என்று பிள்ளை உண்டானது தெரிந்த நாளிலிருந்து ஒரு மிடறு குடிக்க விட்டதில்லை. மாத்திரை பெரிது, அக்கா அதைப் பாதியாகக் கடித்துத்தான் விழுங்குவாள். இன்றைக்குக் குமட்டிவிட்டது. கோப்பைக்குள்ளேயே துப்பிவிட்டு வெளியே ஓடினாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கழுவ எடுத்தேன். சிவப்பாக இருந்த தேத்தண்ணி பேனா மை மாதிரி கறுத்துக் கிடந்தது.

மிச்சப் பாதியை நுணுக்கி வெந்நீரில் போட்டேன். அந்தக் கறுப்பு வரவில்லை. அதிலேயே கொஞ்சம் சாயம் ஊற்றினேன். கறுத்தது.

"மாத்திரை என்னா ஒனக்கு வெளயாட்டுச் சாமானா?" அம்மா அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்தாள். கோப்பையைப் பார்த்து நின்றாள். "இது என்னடா, சாக்கட மாதிரி?"

மேட்டுக்கு ஓடி மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.

"தேத்தண்ணியோடயா?" என்றார் மிஸ். "ஐயோ. சாயம் இரும்பப் புடிச்சுக்கும் தம்பி, ஒடம்புல சேர விடாது. தண்ணியோட போடுங்கன்னுதானே எல்லாருக்கும் சொன்னேன்?"

சொன்னார்தான். இந்தக் குளிரில் விடியற்காலை தண்ணீர் குடிக்கிற ஒரு ஆளை இந்தத் தோட்டத்தில் காட்டச் சொல்லுங்கள்.

அம்மா அந்தக் கோப்பையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஒரே ஒரு தடவை சொன்னாள், "நாந்தானே ஊத்திக் குடுத்தேன்."

ஜூன் 23, திங்கள்

மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி கூடாது. இரண்டு என்றால் நல்லதாம். எங்கள் வீட்டுத் தேத்தண்ணி நேரம்: ஐந்தரை, ஏழு, ஒன்பதரை, ஒன்று, மூன்று, நாலரை, ஆறு, அப்புறம் படுக்கப் போகுமுன். நாங்கள் எப்போதுதான் மூச்சு விடுகிறோம்?

வசதியான இடைவெளி ஒன்றுதான், பதினொன்றேகால். அந்த நேரம் அக்கா தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள். ஆகவே சூடு ஆறாத தண்ணீரோடு நான்தான் ஏற வேண்டும்.

பச்சைத் தண்ணீருக்கு அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. வெந்நீர், அதில் தேசிக்காய் பிழிந்து. எலுமிச்சைப் புளி இரும்பு சேர உதவும் என்று மிஸ் சொன்னதும் அம்மாவுக்கு முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

ஜூலை 2, புதன்

மழை. அட்டை. ஏறி இறங்கினேன். "என்னடா, ஆஸ்பத்திரிய மலைக்கே தூக்கிட்டு வந்துட்டியா?" என்றார் கங்காணி பழனியாண்டி. பெண்கள் கூடையோடு குலுங்கிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஜூலை 16, புதன்

9.4!

மிஸ் அதே ஆட்கள் முன்னால், "மன்னிச்சுக்கங்க சர்மிளா" என்றார். அக்கா இந்தத் தடவை தலையைக் குனியவில்லை.

பிறகு மிஸ் வாங்குப் பலகையில் இருந்தவர்களைக் கேட்டார். "நீங்கள்லாம் மாத்திரைய எதோட போடுறீங்க?"

"சாயத்தண்ணியோடதான்" என்றார்கள் ஒவ்வொருத்தராக.

ஜூலை 18, வெள்ளி

அம்மா பெரிய பிளாஸ்க் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருக்கிறாள். பக்கத்தில் நாலு தேசிக்காய். மச்சான் இன்றைக்கும் "டேய் டொக்டர்" என்றுதான் கூப்பிட்டார், குரல்தான் வேறு மாதிரி இருந்தது. எழுத இன்னும் இருக்கிறது. சாயம் ஏன் கறுக்கிறது, பால் ஊற்றினால் கறுக்குமா, வெறுங்கால் வழியாக உடம்புக்குள் போகிற கொக்கிப்புழுவும் ரத்தத்தைக் குடிக்குமாமே, அது எப்படி... பதினொன்று ஆகிவிட்டது. மலையில் அக்காவோடு சேர்த்து ஆறு பிள்ளைத்தாய்ச்சிகள் மாத்திரையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான் போகணும்.