வேப்பம்பூ உதிரும் மாதம்

மார்ச் 18, செவ்வாய்

இன்றைக்கும் விடியப்புறம் மூச்சு இழுத்தது. தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு மூச்சு விட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அம்மாவும் அப்பாவும். மூச்சு மருந்துப் பம்பை வாயில் வைத்து அடிக்கிற சத்தம்கூட இந்த வீட்டில் பெரிதாகக் கேட்கிறது.

அம்மாவுக்குத் தெரிந்தால் முடிந்தது. போன வருடம் இதே தவக்காலத்தில் முட்டு வந்து மூச்சுவிட முடியாமல் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே சொல்லிவிட்டார்: "கடற்காத்து இவளுக்கு ஒத்துக்கொள்ளுதில்ல. இனி ஒருக்கா இழுத்தா வவுனியாவுக்குத்தான். சித்தி வீட்டில நிண்டு படிக்கட்டும்." வீம்புக்குச் சொன்னதில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அம்மாவின் கடைசித் தங்கை முட்டில்தான் இறந்தார். மருந்து கிடைக்கவில்லை.

நான் போனால் பெரிய வெள்ளிக்கு மாதாவின் ஒப்பாரியை யார் பாடுவது? இந்த முறை தனியாகப் பாட, கோயிலில் பாட்டுப் பழக்குகிற நிறஞ்சலா அக்கா என்னைத்தான் தெரிந்தெடுத்திருக்கிறார். நன்றாகப் பாடுவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த நெஞ்சு மட்டும் ஒத்துழைத்தால் போதும்.

மார்ச் 19

உம்மு குல்சூமிடம் மட்டும் சொன்னேன். வகுப்பில் பக்கத்துக் கதிரை. எருக்கலம்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

"எனக்குத் தெரியும்டி. உன்ர நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துறது இங்க வரைக்கும் கேக்குது."

"நீ தும்மினா ரோட்டில நிக்கிற கழுதையெல்லாம் ஓடுது. அது மட்டும் நல்லமோ?"

"நோன்போட என்னைச் சிரிக்க வைக்காத!"

பிறகு அவள்தான் கேட்டாள். "கடற்காத்து வருசம் முழுக்க அடிக்குது. உனக்கு ஏன் இந்த மாசத்தில மட்டும்?"

ஓம். ஏன்?

மார்ச் 20

இது மரங்கள் பூக்கிற மாதம்; மகரந்தத்தாலும் இழுக்குமாம். அப்பாவின் போனில் எங்கள் மன்னாரின் மகரந்த அளவைத் தேடினேன். வேறு நாட்டு ஊர்களுக்கு இன்று கூடுதல், நாளை குறைவு என்று மழை சொல்வதுபோல் சொல்கிறார்கள். மன்னாருக்குத் 'தரவு இல்லை'. வேம்பும் பனையும் உடைமரமும் பூத்துக் கொட்டுகிற ஊருக்குத் தரவு இல்லையாம்!

இல்லையென்றால் நானே எடுப்பேன்.

மார்ச் 23, ஞாயிறு

விஞ்ஞானம் படிப்பிக்கிற துசாந்தினி ரீச்சர் வெள்ளிக்கிழமை வழி சொல்லித் தந்தார். சின்னக் கண்ணாடித் துண்டுகளில் வாசலின் களிம்பு பூசி ஒருநாள் வைத்தால் காற்றில் வருவது ஒட்டும். நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். "போட்டிக்கோ?" என்று கேட்டார். "ஓம் ரீச்சர்." பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

யன்னலுக்கு வெளியே ஒன்று, கோயிலில் நாங்கள் பாடுகிற இடத்தில் ஒன்று. மிஞ்சியதைச் சும்மா என் கட்டிலில் வைத்தேன்.

மார்ச் 25

கோயில் கண்ணாடியில் ஒன்றுமில்லை. யன்னல் கண்ணாடியில் புழுதியும் அங்கொன்று இங்கொன்றாய் மகரந்த மணிகளும். மூன்றாவதில் மணிகள் அப்பிக் கிடந்தன. பார்த்ததும் ரீச்சர், "இதை எந்த மரத்தில கட்டினீர்?" என்றார்.

அதுதான் கட்டிலில் வைத்தது.

பள்ளிக்கூட முற்றத்து வேப்பம்பூ ஒன்றைத் தட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே மாதிரியான மணிகள். ரீச்சர் போனில் படம் எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்பினார்.

வேப்பமரம் எங்கள் வளவில் நிற்கிறதுதான். ஆனால் என் அறை யன்னல் எப்போதும் பூட்டியிருக்கும். பிறகு எப்படி? பயமாக் கிடக்கு. நான் ஒளிச்சுக் கொள்ளுறதே அந்தக் கட்டில்லதானே.

மார்ச் 28

பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டது. படலையைத் திறந்தால் மரத்தடியில் அம்மா. வடகத்துக்கு வேப்பம்பூ சேர்க்கிறார். நிலத்தில் விரித்திருந்தது என் கட்டில் விரிப்பு! பூவைச் சுளகில் கொட்டிவிட்டு, விரிப்பை இரண்டு உதறு உதறி, கொண்டுபோய்த் திரும்பவும் என் கட்டிலில் போட்டார்.

"ஏனம்மா என்ர விரிப்பு?"

"அதுதான் பெரிசு, ஓட்டையில்ல. வேப்பம்பூ பட்டா உனக்கும் நல்லதெல்லோ. வருத்தம் அண்டாது."

உள்ளே போனேன். பூ உதிர்கிற நாளெல்லாம் இப்படித்தான் செய்திருப்பார், என் நன்மைக்காக.

மார்ச் 31

இரவில் அம்மாவுக்குத் தெரியாமல் வேறு விரிப்பு மாற்றிப் படுக்கிறேன். இழுப்பு குறைந்திருக்கிறது. நானும் உம்மு குல்சூமும்தான் கெட்டிக்காரிகள்.

ஏப்ரல் 1

இப்படியே சொல்லாமல் விரிப்பை மாற்றி மாற்றிப் படுத்தால் போதாதா? வவுனியாக் கதையே எழும்பாது. ஆனால் பம்பில் மருந்து முடியப்போகிறது. ஒளித்து ஒளித்து ஒருநாள் எனக்கு மூச்சு நின்றால்? அம்மா அதை இரண்டாம் தரம் பார்க்க வேண்டுமா?

நாளைக்குச் சொல்வேன்.

ஏப்ரல் 2

சொல்லிவிட்டேன்.

"எத்தினை நாளா?" என்றார் அம்மா. நான் சொன்னதும் அகப்பையைக் கீழே போட்டார். "சுவருக்கு இஞ்சால நான் படுத்துக் கிடக்கிறன், நீ வாயைப் பொத்திக்கொண்டு… என்ன பிள்ளையடி நீ?"

விரிப்பைப் பற்றிச் சொன்னதற்கு, "வேம்பு மருந்து. மருந்து எப்பிடி வருத்தும்?" என்றார். ரீச்சர் அனுப்பிய படத்தைக் காட்டினேன். மஞ்சள் மணிகளைக் கனநேரம் பார்த்தார். பிறகு போய்க் கட்டிலில் கிடந்த எல்லாவற்றையும் உருவிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டார். முதுகைத் திருப்பிக்கொண்டுதான் அழுதார்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா, "அப்ப என்ர கடல் ஒண்டும் செய்யேல்ல!" என்றார். வழக்கில் வென்றவர் மாதிரி.

"நீங்கள் சும்மா இருங்கோ," என்றார் அம்மா.

வவுனியா? கேட்டேன். "பெரிய வெள்ளி போகட்டும். பாப்பம்."

ஏப்ரல் 4

கிளினிக். புது மருந்து. டொக்டர், "விரிப்பை மாத்தினது சரி. அதுக்காக மருந்தை விட்டிடக் கூடாது" என்றார். அம்மா என்னைவிட வேகமாகத் தலையாட்டினார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பாடினேன்.

மகனை மடியில் கிடத்துகிற இடத்தில் நெஞ்சு இறுகியது. முன்வரிசை வாங்கிலிருந்த அம்மா எழும்பப் பார்த்தார். நான் பாட்டை நிறுத்தி, ஆறுதலாக மூச்செடுத்து, விட்ட இடத்திலிருந்து பிடித்தேன். குரல் உடையவில்லை. கோயிலில் சனம் விம்மியது.

"அந்த இடத்தில நிப்பாட்டினது நல்ல வடிவு," என்றார் நிறஞ்சலா அக்கா. "ஆர் சொல்லித் தந்தது?"

ஏப்ரல் 21, திங்கள்

மத்தியானம் சித்தி அம்மாவுக்குப் போன் எடுத்தார். வவுனியாப் பள்ளிக்கூடத்தில் இடம் இன்னும் இருக்கிறதாம், எப்போது கூட்டி வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அவள் வரமாட்டாள்," என்றார் அம்மா. "அடுத்த வருசமும் அவள்தானாம் பாடுறது."

பிறகு சித்தியிடம் மாங்காய் விலை கேட்டார்.