கிரகணத்துக்குப் போன கல்யாணப் படங்கள்

பழவேற்காடு
12-6-1980

அன்பு மகன் கௌஸ் மைதீனுக்கு உன் உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் வாப்பாவும் மருமகள் நூருன்னிசாவும் சுகமாக இருக்கிறோம், துபாய் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் வெயில்தான், முகத்துவாரத்தை மண் மூடிவிட்டது, ஏரியில் இறால் வரத்துக் குறைவு, மெட்ராசுக்கு அனுப்பச் சரக்கு இல்லாமல் உன் வாப்பா பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறார். அந்த நேரம் பார்த்துத்தான் உன் கடிதம் வந்தது.

உன் ரூமில் தண்ணீர் ஒழுகி கல்யாண ஆல்பம் முழுக்க நனைந்து, படங்கள் முகத்தோடு முகம் ஒட்டி, பிரிக்கப் போனால் கிழிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். நெகட்டிவ் இருந்தால் புதிதாகப் பிரின்ட் போட்டு, லீவு முடிந்து திரும்பும் அப்துல் ஹையிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தாய். இதென்ன பெரிய வேலை என்று வாப்பா மறுநாளே பஸ் ஏறிப் பொன்னேரிக்குப் போனார். படம் எடுத்த ஸ்டுடியோ வேணு, எங்கிட்ட ஏது பாய், படத்தோட நெகட்டிவையும் சேத்துக் கவர்ல போட்டு உங்க கையிலதானே குடுத்தேன் என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து அலமாரியைக் கவிழ்த்துத் தேடினோம். கவர் கிடைத்தது, மேலே உன் பெயரும் இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. எலி கடித்திருக்கும் என்றேன் நான். எலி கடித்தால் கவரையும்தானே கடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்த உன் வாப்பா பாதியில் நிறுத்திவிட்டு நெற்றியில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மாசி மாதம் சூரிய கிரகணம் வந்ததே, வெறுங்கண்ணால் பார்த்தால் பார்வை போய்விடும், கறுத்த பிலிம் வழியாகப் பார்க்கலாம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. உன் வாப்பா வாசலில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து பழைய பிலிம் என்று நினைத்து உன் கல்யாணத்தை வெட்டி வெட்டித் தெருவுக்கே தானம் செய்துவிட்டார். அன்றைக்கு எல்லோரும் அவரை வாழ்த்தினார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கவர் காலி என்று தெரிந்த மறுநாள் காலையிலிருந்து வீடு வீடாகத் திருப்பிக் கேட்கும் படலம். மீன்கார எல்லம்மா, இன்னா பாய், கண்ணு நல்லா இருக்கணும்னு குடுத்தத இப்போ திருப்பிக் கேக்குற, அப்போ கண்ணு இன்னா ஆனாலும் பரவால்லியானு கேட்டு நடுரோட்டில் சிரித்திருக்கிறாள். ஆனாலும் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள், அதில் நம் பந்தல் வாசலும் வாப்பாவும் இருந்தார்கள், வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. தானியேல் வாத்தியார் வீட்டில் ஆணி ஓட்டை போட்டு நூலில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டிருந்தார்கள், அது விருந்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட சஹன் தட்டு வைத்த படம். இப்படியே வாப்பா வெயிலில் அலைந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவர, நான் வெளிச்சத்தில் பிடித்து யார் எவர் என்று கண்டுபிடிப்பதும், உன் மாமனாரை அடுப்புக்கரி பூசிய பூதம் என்று நினைத்துப் பயந்ததும், சொன்னால் நீ சிரிப்பாய். ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது. நீயும் நூருன்னிசாவும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம் மட்டும் வரவில்லை. அது இல்லாமல் மற்றதெல்லாம் இருந்து என்ன. வாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை, பையன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று சொல்லிவிட்டு மத்தியான வெயிலில் மறுபடியும் கிளம்பினார்.

அவர் தெரு திரும்பியதும் உன் பெண்சாதி அடுப்படிக்கு வந்தாள். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, மாமி, அது எங்கிட்டதான் இருக்குது என்றாள். கிரகணத்தன்று வாப்பா வெட்டிக்கொண்டிருந்தபோது இவளும் போய், எனக்கும் ஒன்னு குடுங்க மாமான்னு கேட்டிருக்கிறாள். மாமனாரிடம் வெட்டாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று பொறுக்கி எடுத்துத் தன் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துவிட்டாள். கிரகணம் பார்க்க முற்றத்துக்கே அவள் வரவில்லை, நான்தான் கவனிக்கவில்லை. ஏம்மா இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். குடுத்தா அது பொன்னேரிக்குப் போவும், அங்கேர்ந்து துபாய்க்குப் போவும், அப்புறம் எனக்கு இன்னா மாமி இருக்கும்னு கேட்டாள். மாமா வெய்யில்ல அலையறதப் பாக்க முடியல, அதான் சொல்லிட்டேன் என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை மகனே. நீ போகும்போது ஆல்பத்தை முழுசாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாய், ஒரு படம் கூட அவளுக்கென்று எடுத்து வைக்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. நெகட்டிவில் உன் முடி வெள்ளை, பல் கறுப்பு. அதைத்தான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

திரும்பி வந்த வாப்பாவிடம் சொன்னேன். மனிதர் கோபப்படவில்லை, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார், மருமகளைக் கூப்பிட்டு, நீதாம்மா இந்த வீட்ல புத்தி உள்ள ஆளு என்றார். பிறகு மூன்று பேருமே பொன்னேரிக்குப் போனோம். நெகட்டிவைத் தன் கையாலேயே கொடுத்து, தன் கையாலேயே திருப்பி வாங்கிக்கொண்டாள். சில படங்களில் கீறல் விழும் என்று வேணு சொன்னார், விழட்டும். அந்த நாற்காலிப் படம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வந்திருக்கிறது. பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்தது அவள் அறையில் மாட்டியாகிவிட்டது, உனக்குச் சின்னது, அப்துல் ஹை கொண்டுவருவான். மேலே தண்ணீர் ஒழுகாத இடமாகப் பார்த்து வை.

நோன்பு நெருங்குகிறது, வெறும் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாதே, சஹருக்குச் சோறாக்கிக்கொள். உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சம்பாத்தியமும் சீக்கிரம் ஊர் திரும்பும் வழியும் அல்லாஹ் தரட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். எங்கள் கடிதத்தின் அடியில் நூருன்னிசாவுக்கு சலாம் என்று ஒரு வரி எழுதுகிறாயே, இனி அது வேண்டாம். அவள் பெயரைக் கவரின் மேல் போட்டு, தனியாக எழுது, பசையை நன்றாகத் தடவி ஒட்டு. நாங்கள் பிரிக்க மாட்டோம்.

உன் வரவுக்கு துஆச் செய்துகொண்டிருக்கும் உம்மா,
பரக்கத் பீவி