ஒரே ஒரு விமான டிக்கெட்

பம்பாய் மாட்டுங்கா கோயிலில் தன் அம்மாவுக்காக அர்ச்சனை செய்யப் போயிருந்த ஷ்யாமளா திரும்புவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அவள் கணவன் பஞ்சு அவசரப்பட்டான். மதராஸில் அவன் மாமியாருக்கு, அதாவது ஷ்யாமளாவின் அம்மாவுக்கு, நாள் நெருங்கிவிட்டதாகத் தந்தி வந்திருந்தது. இருவருமாக ரயிலில் போகலாம் என்று ஷ்யாமளா கெஞ்சிப் பார்த்தாள். முதுகு தாங்காது என்று அவன் தனக்கு மட்டும் விமான டிக்கெட் வாங்கிவிட்டான். காலண்டர் தாளைக் கிழித்து எழுதினான்:

“ரெண்டு பேரா பிளேன்ல போக நான் ராஜா இல்லை. அம்மாவுக்குன்னு நீ வெச்ச நார்த்தங்காய் பாட்டிலைப் பெட்டியிலேர்ந்து எடுத்துட்டேன். எடை கூடினா தண்டம் அழணும். உன்னோட இலவம்பஞ்சுத் தலையணையைக் கையோட எடுத்துண்டு போறேன், கழுத்து வலிக்காம தூங்கலாம். நாளையிலேர்ந்து பால் பாதி வாங்கு, நீ ஒருத்திதானே. வீட்டுப் பங்கு விஷயத்தை உங்கண்ணாகிட்ட நானே பேசிக்கறேன்.”

கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. அடியில் இடமில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினான்:

“உங்கம்மா உன்னைக் கேட்டா, நீதான் வரமாட்டேன்னுட்டதா சொல்லிடறேன். சாகப்போறவாகிட்ட டிக்கெட் செலவெல்லாம் பேசப்படாது.”