கவரைப்பேட்டையில் நான் தூங்கவில்லை

8-9-74, ஞாயிறு

காலையில் புழுக்கம். மாலை தூறல்.

என் மகன் தாமோதரன் எனக்கு எதிராக லைசென்ஸ் ஆபீசுக்கு மனு எழுதியிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. "என் தகப்பனார், வயது 61, மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது தூங்கி விழுந்தவர். பார்வையும் குறைவு. பொதுஜன நன்மையை உத்தேசித்து லைசென்சை ரத்து செய்யக் கோருகிறேன்." பொன்னேரியில் குமாஸ்தா. உத்தேசித்து, கோருகிறேன் எல்லாம் நன்றாக வருகிறது.

நேற்று நோட்டீஸ் வந்தது. 16ஆம் தேதி திங்கள் 11 மணி, திருவள்ளூரில் ஆஜர்.

லைசென்ஸ் போனால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி ஃபாக்டரியில் பாய்லர் என் பொறுப்பு. ஷிப்ட் ஆறு மணிக்கு. சோழவரத்திலிருந்து முதல் பஸ் போய்ச் சேர 6.40. வண்டி இல்லையென்றால் வேலை இல்லை. மானேஜர் இந்த மாதம் முடியப் பொறுப்பார். அதற்கு மேல் அவரும் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்பு. பாய்லர் பரீட்சை நானே படித்து 42 வயதில் தேறினது. யார் தயவிலும் இல்லை.

என் மனைவி ராஜம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாத்த எய்திக்கினு கீற? எலும்பு கூடட்டும், அப்புறம் சண்ட போடு."

எலும்பு தன்பாட்டுக்குக் கூடும். இது கூடாது.

9-9, திங்கள்

வெயில். தோள்பட்டைக் கட்டுக்குள் அரிப்பு. ஈர்க்குச்சி விட்டுச் சொறிந்தேன்.

ஆகஸ்டு 22 வியாழக்கிழமை நடந்ததை மறக்குமுன் எழுதிவைக்கிறேன்.

5.15க்குப் புறப்பாடு. வண்டி 98 சி.சி. காரனோடைப் பாலம் தாண்டியதும் கழுத்தைக் குறுக்கி, முழங்கைகளை ஒடுக்கி, வலது கைப்பிடி முறுக்கு முழுதும். முள் எழுபதில். அதற்கு மேல் அந்த எஞ்சினுக்கு மூச்சு கிடையாது. நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று மாரில் அடித்து அறுபதுக்கு இறங்கும். அறுபதுக்குக் கீழே போனால் கல்கத்தா ரோட்டில் லாரிக்காரன் நம்மைச் சைக்கிள் கணக்கில் சேர்த்து மண்ணுக்குத் தள்ளுவான். எதிர் லாரி கடக்கையில் காற்று முதலில் தள்ளும், அடுத்த நொடி இழுக்கும். இரண்டுக்கும் உடம்பு தயாராக இருக்க வேண்டும். இது தூங்குகிறவன் செய்கிற காரியமா?

இடது கையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல். பதினோரு வருஷப் பழக்கம். இந்த மாதிரி எஞ்சினுக்கு எண்ணெய் தனியாகக் கிடையாது, பெட்ரோலில் கலந்துதான் போகிறது. அது குறைந்தால் பிஸ்டன் சூடாகிச் சிலிண்டரைக் கவ்வும். பின்சக்கரம் நின்றுவிடும். உடனே கிளட்ச் பிடித்தால் சக்கரம் விடுபடும், ஆள் பிழைப்பான். ஒரு நொடிதான் அவகாசம்.

பஞ்செட்டி வரை ஒழுங்கு. கவரைப்பேட்டைக்குச் சற்று முன்னால் சத்தம் மெலிந்தது, யாரோ பின்னாலிருந்து பிடித்த மாதிரி. சக்கரம் நின்றது. கிளட்ச் இழுத்தேன். விடுபட்டது. ஓரம் கட்டினேன். ஓரத்து மணலில் முன்சக்கரம் புதைந்து விழுந்தேன், இடது தோள் எலும்பு முறிந்தது. இவ்வளவுதான். எழுபதில் விழவில்லை. எழுபதில் விழுந்திருந்தால் தாமு மனு எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

11-9, புதன்

நாஷ்டா முடித்து காரனோடை. கவுஸ் பாய் ஒர்க்‌ஷாப். என் வண்டி அன்றிலிருந்து அங்கேதான். நான் இல்லாமல் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். இன்று திறந்தோம்.

பிஸ்டனை வேட்டி நுனியால் துடைத்து வெளிச்சத்தில் காட்டினான்.

"சுத்திவர கீறிக்கினு கீது பாரு நைனா. காஞ்சு கவ்விக்கினு கீது. ஒனக்கு யாரு பெட்ரோல் போட்டது? எதிரியா?"

"பையன்."

"அப்ப சரி" என்றான். சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

விழுந்ததற்கு முதல் நாள் மாலை தாமு வண்டியை வாங்கிக்கொண்டு செங்குன்றம் போனான். திரும்பி வந்ததும் கேட்டேன், "எண்ணெய் ஊத்தினியா?" ஊத்திட்டேன் என்றான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் செருப்பை விட்டுக்கொண்டே சொன்னான்.

டாங்கில் மிச்சம் இருந்ததை மோந்து, விரலில் தேய்த்துப் பார்த்தோம். வழுவழுப்பே இல்லை. பழையதில் கலந்திருந்த துளி எண்ணெயில்தான் அத்தனை தூரம் ஓடியிருக்கிறது. தெருவில் ஓட்டினால் தாங்கும். முழு முறுக்கில் தாங்காது.

பிஸ்டனைப் பழைய பேப்பரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். பேப்பர் முழுதும் சினிமா விளம்பரம்.

12-9, வியாழன்

மேகமூட்டம். பஸ்ஸில் கவரைப்பேட்டை. கண்டக்டர் என் இடது கைக் கட்டைப் பார்த்து உட்கார இடம் வாங்கிக் கொடுத்தான். வேண்டாம் என்றேன்.

ரோட்டில் டயர் கோடு இன்னும் இருக்கிறது. மங்கல். வலது முழத்தால் அளந்தேன். ஏழு முழம், அதோடு சரி. அங்கே கிளட்ச் பிடித்திருக்கிறேன். தூங்குகிறவன் கோடு ஓரத்து மரம் வரைக்கும் போகும்.

டீக்கடை முனியம்மாவை விசாரித்தேன். அன்று எனக்குத் தண்ணீர் கொடுத்தவள். "தூங்கினாரு" என்று என் மகனிடம் நீ சொன்னாயா என்று கேட்டேன்.

"ஐயே, நா எப்ப சொன்னேன்? கண்ண மூடிக்கினு கெடந்தாருன்னு சொன்னேன். வுயுந்தவன் கண்ண மூடாம இன்னா, சினிமாவா பாப்பான்? வண்டி கிறீச்சுன்னுது, நீ கால வுட்டுக்கினே ஓரமா வந்த, மண்ணுல சாஞ்ச. தூங்குறவன் கால வுடுவானா?"

இதை ஆபீசில் வந்து சொல்வாயா என்றேன்.

"கடைய யாரு பாக்குறது? ஒன் பையன் பாப்பானா? நல்லா கீது கத! அன்னிக்கு ஒனக்காவ அழுதுக்கினு இந்தக் கல்லு மேல குந்திக்கினு இருந்தான். நீ அவன் மேல கேசு போடுறியா?"

கேஸ் போட்டது நான் இல்லை என்றேன். அழுதது எனக்குத் தெரியாது. அதைச் சொல்லவில்லை.

13-9, வெள்ளி

இன்று கேட்டேவிட்டேன். தாமு ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றவில்லை. பிஸ்டனை அவன் முன்னால் பிரித்து வைத்தேன்.

"எண்ணெய் ஊத்தினியான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்ட. ஊத்தினேன். ரெண்டு லிட்டர்."

"ரெண்டு லிட்டர் எண்ணெயா?"

"பெட்ரோல் நைனா. எண்ணன்னா பெட்ரோல்தான? பங்க்ல எல்லாரும் எண்ண போடுன்னுதான சொல்றான்."

ராஜம்மா அடுப்படியிலிருந்தே ஆரம்பித்தாள். "வெளக்குக்கு ஊத்துறதும் எண்ண, தலைக்குத் தேய்க்கிறதும் எண்ண, வடை சுடுறதும் எண்ண. எந்த எண்ணன்னு நீ கேட்டியா? ஆயிலுன்னு சொல்லக் கூடாதா? ஊரே ஆயிலுங்குது."

இந்த வீட்டில் பதினோரு வருஷமாக எண்ணெய் என்றால் பெட்ரோலில் கலக்கிற எண்ணெய், பெட்ரோல் என்றால் பெட்ரோல் என்றேன். தமிழில் சொன்னது என் குற்றமா என்றேன். எனக்கே அந்த வாதம் முழுதாக நிற்கவில்லை. எழுதிவைக்கிறேன், யாரிடமும் சொல்லப் போவதில்லை.

தாமு பிஸ்டனைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தான். கீறலில் விரலை வைத்துப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

"மனுவ வாபஸ் வாங்கிக்க" என்றேன்.

"மாட்டேன்."

"தூங்கலைன்னு இப்ப தெரியுதுல்ல?"

"தெரியுது. எண்ணையோ தண்ணியோ, அறுபத்தொரு வயசுல எழுபதுல போற ஆளுக்கு லைசென்சு எதுக்கு நைனா? அன்னைக்குப் பின்னால ஒரு லாரி வந்திருந்தா? ஒன்ன நா எங்க பொறுக்குவேன்?"

அப்படியானால் பொய் எழுதுவாயா என்றேன். எழுந்து போய்விட்டான். சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. ராஜம்மா இரண்டு தட்டையும் மூடி வைத்துவிட்டு, "ரெண்டும் ஒரே கட்ட" என்றாள்.

14-9, சனி

காலையில் மழை. அதனால் டயர் கோடு அழிந்திருக்கும்.

தாமு வாசலில் நின்று ஒருமுறை, "திங்ககெயம எத்தினி மணிக்கு?" பதினொன்று என்றேன். உள்ளே போனான். வருகிறானா, எதிர்த்துச் சொல்லவா, தெரியாது.

15-9, ஞாயிறு

நாளைக்கு:

நான் — முகச் சவரம். பிஸ்டன், டயர் கோட்டின் அளவு எழுதிய தாள், பாய்லர் சர்டிபிகேட். கண் பரிசோதனை கேட்டால் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும். குரல் உயர்த்தக் கூடாது.

கவுஸ் பாய் — எதனால் கவ்வியது என்று ஒரு தாளில் எழுதி விலாசத்தோடு கையெழுத்து. தமிழ் எழுத வராது என்றால் உருதுவில் எழுதட்டும். சிலிண்டர் வேலை இந்த மாதத்துக்குள்.

முனியம்மா — வர வேண்டும். வராவிட்டால் கட்டாயமில்லை. அவள் கடை அவளுக்கு.

ராஜம்மா — வெள்ளைச் சட்டையில் இடது தோள் தையலைப் பிரிக்க வேண்டும். கட்டோடு கை நுழையவில்லை. நாளைக்கு எங்கள் நடுவில் பேசக் கூடாது.

தாமு — அதிகாரி முன்னால் "தூங்கினார்" என்பதை அடித்துக் கையெழுத்து. பெட்ரோல் போட்டது தான்தான், எண்ணெய் கலக்கவில்லை என்று எழுத வேண்டும். பார்வை பற்றியதையும் அடிக்க வேண்டும். மனுவை வாபஸ் வாங்கத்தான் மாட்டேன் என்றால், என் அப்பா செத்துப்போவார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் லைசென்ஸ் தராதீர்கள் என்று எழுதட்டும்.

நான் — அப்படி எழுதினால் ஆட்சேபம் சொல்லக் கூடாது.